எல்லாரும் கல்யாண வீட்டுக்காரர்கள்

மே 7, 2025, புதன்

கோவையிலிருந்து வந்து மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மாலை ஐந்து மணி. வெயில் கொஞ்சமும் தணியவில்லை. அக்னி நட்சத்திரம் தொடங்கியாயிற்று. தரையின் சூடு செருப்பைத் தாண்டி ஏறியது. ஆழ்வார்புரத்துக்கு ஆட்டோ கேட்டதும், “திருவிழாவுக்கா வர்றீங்க?” என்றார் ஓட்டுநர். ஆமாம், சித்திரைத் திருவிழாவுக்குத்தான் என்றேன். “அப்ப 150 குடுங்க போதும். மத்த நாள்னா 200 கேப்பேன்.” திருவிழாவென்றால் வாடகை ஏறித்தான் பார்த்திருக்கிறேன், இறங்கிப் பார்த்ததில்லை.

கல்லூரி விடுதியில் என் அறைத்தோழியாக இருந்தவளின் பிறந்த வீடு ஆழ்வார்புரத்தில். அழகர்கோயில் பெருமாளான கள்ளழகர் வைகை ஆற்றில் இறங்கும் இடத்துக்கு வெகு பக்கம். சித்திரை பிறந்தால் போதும், “இந்த வருசமாச்சும் வாடி” என்று போன் வந்துவிடும். ஒவ்வொரு வருடமும் ஏதாவது தடுக்கும். இந்த முறை பிள்ளைகளைத் தான் பார்த்துக்கொள்வதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். கிளம்பிவிட்டேன்.

கோவையில் நாங்கள் இருப்பது அடுக்குமாடிக் குடியிருப்பு. பண்டிகை என்றால் அவரவர் கதவுக்குப் பின்னால்தான். பலகாரத் தட்டு இரண்டு வீட்டுக்குப் போகும், இரண்டு வீட்டிலிருந்து வரும், அவ்வளவுதான். இங்கே தோழி வீட்டில் நுழைந்ததும் கூடத்தில் ஏழெட்டுப் பாய் சுருட்டி வைத்திருந்தது. யார் யார் வருகிறார்கள் என்று கேட்டேன். “யாரு வர்றாகளோ அவுகளுக்கு” என்றார் அவள் அம்மா.

இரவு மொட்டை மாடியில் தோழியின் அப்பத்தா கதை சொன்னார். நேற்று மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். இன்றிலிருந்து ஆவணி வரைக்கும் மதுரையில் அவள் ஆட்சி, மற்ற எட்டு மாதம் சிவனான சொக்கருடையது. இன்று திக்விஜயம், எட்டுத் திக்கையும் ஜெயிக்கப் புறப்படுகிறாள். நாளைக்குக் கல்யாணம். “கல்யாணத்துக்கு முன்னாடியே பட்டம் கட்டிக்கிட்டவ எங்க ஊர்ப் பொண்ணு” என்று சொல்லும்போது, சொந்தப் பேத்தியைப் பற்றிப் பேசுகிற பெருமை அவர் முகத்தில்.

மே 8, வியாழன்

காலை நான்கரைக்கே கிளம்பினோம். கோயிலுக்குள் 200 ரூபாய், 500 ரூபாய்ச் சீட்டு வாங்கியவர்களுக்கு ஓர் இடம், இலவசமாகப் போகிறவர்களுக்கு ஓர் இடம். எங்களுக்கு இரண்டும் வாய்க்கவில்லை. சித்திரை வீதியில் பெரிய திரை கட்டியிருந்தார்கள். அதற்கு எதிரே பழைய சேலையை விரித்து உட்கார்ந்தோம். அந்தச் சேலையில் நாங்கள் மூன்று பேர்தான் உட்கார்ந்தோம். விடிவதற்குள் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. “கொஞ்சம் நகந்துக்கம்மா” என்பதோடு சரி.

திருப்பரங்குன்றத்து முருகனும் பவளக்கனிவாய்ப் பெருமாளும் கல்யாணத்துக்கு வந்து சேர்ந்தாயிற்று. பெருமாள்தான் தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கிறவர். எட்டரை மணியைத் தாண்டி மாங்கல்யதாரணம். திரையில் பட்டர் திருமாங்கல்யத்தைத் தூக்கிக் காட்டியதும் வீதி முழுக்க ஒரே குலவை. அந்த நொடியில் பெண்கள் எல்லாரும் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனார்கள். மீனாட்சிக்குத் தாலி கட்டும் நேரத்தில் சுமங்கலிகள் தாலிச் சரடை மாற்றிக்கொள்வது இங்கே வழக்கம்.

எனக்கு அது தெரியாது, சரடும் கொண்டு போகவில்லை. சற்று முன்பு ஓர் இளைஞர் கூட்டம் கூடை கூடையாக மஞ்சள் சரடும் குங்குமப் பொட்டலமும் கொடுத்துக்கொண்டே போயிருந்தது. அதில் ஒன்று என் மடியிலும் கிடந்தது. தனியாக மாற்ற முடியாது. பழைய சரடு கழுத்தில் இருக்கும்போதே புதுச் சரட்டில் முடிச்சு விழ வேண்டும், அதுவரை தாலியை யாராவது தாங்கிப் பிடிக்க வேண்டும். எங்கள் சேலையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, மேலூர்ப் பக்கம் என்று பிற்பாடு தெரிந்தது, “திரும்பும்மா” என்றார். திரும்பினேன். அவர் விரலில் ஈர மஞ்சள். பிடரியில் முடிச்சைப் போட்டு, இழுத்துப் பார்த்து, இன்னொன்று போட்டு, மூன்றாவதை இறுக்கும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். பிறகு பழைய சரட்டிலிருந்த தாலியைப் புதியதுக்கு மாற்றி, குங்குமம் வைத்துவிட்டு, “இப்ப எனக்குப் போடு” என்று முதுகைத் திருப்பினார். அவர் கழுத்துச் சுருக்கத்தில் வியர்வை வழிந்தது. என் கை நடுங்கியது. அதற்குமுன் நான் யாருக்கும் தாலி முடிந்ததில்லை. என் கல்யாணத்தில் நாத்தனார் செய்ததை, முன்பின் தெரியாத அந்த அம்மாவுக்கு நான் செய்தேன்.

கல்யாணம் என்றால் விருந்து உண்டு, மொய்யும் உண்டு. சேதுபதி மேல்நிலைப் பள்ளி வளாகத்தில் விருந்து. வரிசை நீளமாக இருந்தாலும் நகர்ந்துகொண்டே இருந்தது. சர்க்கரைப் பொங்கல், சாம்பார் சாதம், தயிர் சாதம், ஊறுகாய். பரிமாறியவர்களில் ஒருவர் என் தட்டைப் பார்த்து, “கல்யாண வீட்ல இப்படியா சாப்பிடுறது?” என்று இன்னொரு கரண்டி பொங்கல் வைத்துவிட்டுப் போனார். சாப்பிட்டவர்கள் மேசைக்கு முன்னால் நின்று பெயர் சொல்லி மொய் எழுதுகிறார்கள். எனக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் பத்து ரூபாய் எழுதினான். எழுதியவர் ஊர், பெயர், தொகை மூன்றையும் ஆயிரம் ரூபாய்க்காரருக்கு எழுதிய அதே நிதானத்தோடு எழுதிக்கொண்டார். நான் 101 எழுதினேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து தூங்கியதுதான். இரவில் சுவாமி யானை வாகனத்திலும் அம்மன் அனந்தராயர் பூப்பல்லக்கிலும் மாசி வீதி வந்ததைப் பாதிக் கண்ணோடு பார்த்தேன். பூவின் வாசம்தான் நினைவில் நிற்கிறது.

மே 9, வெள்ளி

தேர். பெரிய தேரில் சுவாமியும் உடனிருக்கும் அம்மனான பிரியாவிடையும், அடுத்ததில் மீனாட்சி. கீழ மாசி வீதித் தேரடியில் தொடங்கி நான்கு மாசி வீதியும் சுற்றி நிலைக்கு வர வேண்டும். வடத்தைத் தொட்டுவிட வேண்டும் என்று ஆசை, நெருங்க முடியவில்லை. ஒரு திருப்பத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்தேன். அத்தனை பேர் இழுக்கிற தேரை, சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குனிந்து நடந்து, கட்டையைச் சரியான நொடியில் செருகித் திருப்புகிறார்கள். கை ஒரு சாண் தவறினால் என்ன ஆகும் என்று பார்க்கிற எனக்கு வயிறு கலங்கியது. அதில் ஒருவர் கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, மாடியிலிருந்து யாரோ நீட்டிய மோரை அண்ணாந்து குடித்துவிட்டு அடுத்த சக்கரத்துக்குப் போனார்.

வெயில் தாளவில்லை. ஜிகர்தண்டா 50 ரூபாய். கடைக்காரர் குவளையைக் கொடுத்துவிட்டுத் தன் முக்காலியையும் நகர்த்திப் போட்டார்.

மே 10, சனி

பகல் முழுக்க வீட்டில் வேலை. தெருப் பையன்கள் நாளையிலிருந்து நீர்மோர்ப் பந்தல் போடுகிறார்கள். வீட்டுக்கு வீடு வந்து, காசு கொடுக்கிறவர்களிடம் காசு, மற்றவர்களிடம் தயிரோ எலுமிச்சையோ வாங்கிக்கொண்டார்கள். கறிவேப்பிலையும் இஞ்சியும் நறுக்கிக் கொடுக்கும் பொறுப்பு தோழியின் அம்மாவுக்கு. நானும் உட்கார்ந்தேன். இஞ்சியைத் தட்டக் கூடாது, பொடிப்பொடியாக நறுக்க வேண்டும், தட்டினால் மோர் மத்தியானத்துக்குள் கடுத்துவிடும் என்றார். பச்சைமிளகாயைக் கீறி மட்டும் போட வேண்டும், பிள்ளைகளும் குடிக்கும். தாளிதம் கிடையாது, எண்ணெய் மிதந்தால் வயசானவர்கள் ஒதுக்குவார்களாம். ஆயிரக்கணக்கானவர்கள் குடிக்கப்போகும் மோரைப் பேரப்பிள்ளைக்குக் கலக்குகிற கவனத்தோடு பேசுகிறார்.

மாலை அழகர்கோயில். மதுரையிலிருந்து சுமார் 21 கிலோமீட்டர். சுந்தரராஜப் பெருமாள் இன்றைக்குக் கள்ளழகர். கண்டாங்கிப் பட்டு, தலையில் உருமால், கையில் வளரித்தடி, நேரிக்கம்பு. மதுரைக்குப் புறப்படுமுன் பதினெட்டாம்படிக் கருப்பசாமி சன்னதியில் நிற்கிறார். கருப்பசாமிக்கு அங்கே சிலை இல்லை. சந்தனம் அப்பிய கதவுதான் சாமி. மலையின் காவல் அவருடையது, அதனால் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் பெருமாள் வாசலைத் தாண்டுகிறார். காவல்காரரிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு கிளம்புகிற பெருமாளை வேறெங்கும் பார்த்ததில்லை.

பல்லக்கு நகர்ந்ததும் “கோவிந்தா!” என்ற சத்தம் மலையில் மோதித் திரும்பியது. பின்னாலேயே உண்டியல்களும் வண்டியேறிப் புறப்பட்டன. வழியில் நானூற்றுக்கும் மேற்பட்ட மண்டகப்படி. ஒவ்வொன்றிலும் நின்று, உபசாரம் வாங்கி, பிறகுதான் அடுத்தது. அழகரும் மீனாட்சிக்கு அண்ணன்தான்; இப்படித்தான் தங்கை கல்யாணத்துக்கு நேரமாகிப் போகிறது என்று அப்பத்தா அடித்துச் சொல்கிறார். மீனாட்சி கல்யாணமும் அழகர் ஆற்றில் இறங்குவதும் ஒரு காலத்தில் தனித்தனி விழாக்கள். அழகர் இறங்கியது சோழவந்தான் பக்கத்துத் தேனூரில். திருமலை நாயக்கர் காலத்தில் இரண்டும் சித்திரையில் சேர்ந்தன என்பார்கள். சைவ வீட்டுக் கல்யாணத்தையும் வைணவ வீட்டுப் பயணத்தையும் இணைத்தது அரசர்தான். அண்ணன் பிந்தி வந்தான், கோபித்துக்கொண்டு ஆற்றோடு திரும்பினான் என்று அதைக் குடும்பக் கதையாக்கி வைத்திருப்பது ஜனங்கள். எனக்கு ஜனங்கள் செய்ததுதான் பெரிதாகப் படுகிறது.

அழகர்கோயில் தோசை சாப்பிட்டோம். கனமாக, மிளகும் நெய்யுமாக இருந்தது. பாதியிலேயே வயிறு நிறைந்துவிட்டது.

மே 11, ஞாயிறு

இன்றைக்கு எதிர்சேவை. ஊருக்கு வருகிறவரை எல்லைக்குப் போய் எதிர்கொண்டு அழைப்பது. விடியுமுன் மூன்றுமாவடி போய்விட்டோம்.

அப்பத்தாவால் இப்போதெல்லாம் நிற்க முடியவில்லை. அவருடைய சர்க்கரைச் செம்பை என்னிடம் கொடுத்துவிட்டிருந்தார். அவர் மாமியார் வைத்திருந்த பித்தளைச் செம்பு, கழுத்தில் ஒரு நெளிவு. உள்ளே நாட்டுச் சர்க்கரையை நிரப்பி, வாயை வாழை இலையால் மூடிக் கட்டி, இலைமேல் சூடம் வைத்து ஏற்ற வேண்டும். அழகர் வரும்போது அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க வேண்டும். இலை பச்சையாக இருப்பதால் சட்டென்று கருகாது. ஆனாலும் சூடு மெல்ல இறங்கி விரலுக்கு வந்துவிடுகிறது. பக்கத்தில் நின்றவர், “அடியில பிடிங்கக்கா, கழுத்தில பிடிக்காதீங்க” என்று என் கையை மாற்றி வைத்தார்.

பல்லக்கு வந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தலைக்கு மேலே சூடச் சுடர்கள். கருப்பசாமி வேடமிட்டவர்களும் திரி ஏந்தி ஆடுகிறவர்களும் முன்னால் வந்தார்கள். என் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது பிறகுதான் தெரிந்தது. நான் அப்படியொன்றும் கோயிலில் அழுகிறவள் இல்லை.

பல்லக்கு கடந்ததும் செம்பைத் திறந்து சர்க்கரையைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொடுக்க வேண்டும். நான் கொடுத்தேன், மற்றவர்கள் எனக்குக் கொடுத்தார்கள். யார் செம்பில் எந்தச் சர்க்கரை என்று தெரியாமல் எல்லார் உள்ளங்கையிலும் பிசுபிசுப்பு. பந்தோபஸ்துக்கு நின்ற பெண் காவலர் ஒருவர் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கையை நீட்டினார். ராத்திரி பத்து மணியிலிருந்து நிற்கிறாராம்.

அப்புறம் புதூர் வழியாகத் தல்லாகுளம் நோக்கிக் கூட்டத்தோடு நடந்தோம். வழியெங்கும் சோறு. தக்காளி சாதம், புளியோதரை, கேசரி, பானகம், தர்பூசணிக் கீற்று. வேண்டாம் என்று சொல்லத்தான் முடியவில்லை. ஓரிடத்தில் ஒரு தாத்தா எதுவும் வைத்திருக்கவில்லை; ஓலை விசிறியை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, நடந்து போகிறவர்களுக்கு விசிறிக்கொண்டிருந்தார். நின்றேன். எனக்கும் விசிறினார்.

ஒரு விஷயத்தை எழுதாமல் விட மாட்டேன். லட்சக்கணக்கில் ஜனம் கூடும் இடத்தில் பெண்களுக்குப் பெரிய சங்கடம் கழிப்பறை. அதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிறவர்கள் உண்டு. நானும் காலையிலிருந்து மடக்கு மடக்காகத்தான் குடித்தேன். நடமாடும் கழிப்பறைகள் நின்றன, வரிசை நகரவில்லை. அந்த வழியில் ஒரு வீட்டு மதில் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்தது: “பெண்கள் பாத்ரூம் போக உள்ளே வரலாம்.” கேட் அகலத் திறந்திருந்தது. நடையில் அந்த வீட்டுக்கார அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வாளித் தண்ணீர், சோப்பு, துண்டுகள். உள்ளே போய் வருகிற ஒவ்வொருவருக்குப் பிறகும் அவர் மகள் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாள். ஒரு கைக்குழந்தைக்காரிக்குக் கூடத்தில் மின்விசிறியைப் போட்டு, கதவைச் சாத்திப் பால் கொடுக்க வைத்தார்கள். காசு கொடுக்கப் போன ஒரு பெண்ணின் கையை அந்த அம்மா மூடிவிட்டார். “சோறு போடத்தான் ஊரே இருக்கே. இதுக்கு யாரு இருக்கா? அதான் நாங்க இதப் பண்றோம்.” அன்னதானத்தைப் பற்றி எத்தனையோ கேட்டிருக்கிறேன். இந்த வீட்டைப் பற்றி யாரும் எனக்குச் சொன்னதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

இரவு தல்லாகுளம் பெருமாள் கோயிலில் அழகருக்குத் திருமஞ்சனம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிய மாலை வரும். அதைச் சாத்திக்கொண்டுதான் தங்கக் குதிரை ஏறுவார். நாங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் படுத்தோம். கூடத்தில் ஏழெட்டுப் பாயும் விரிந்திருந்தது. எனக்கு யாரையும் தெரியவில்லை. கேட்டால் தோழிக்கும் பாதிப்பேரைத் தெரியவில்லை.

மே 12, திங்கள்

சித்ரா பௌர்ணமி. மூன்று மணிக்கே தெருவில் கால் வைக்க இடமில்லை. வைகை அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் ஆற்றில் ஓடியது. 2022இல் இதே இடத்தில் நெரிசலில் சிக்கி இருவர் இறந்துபோனார்கள். அதை இங்கே யாரும் மறக்கவில்லை. கயிறு கட்டி, தடுப்பு வைத்து, ஒலிபெருக்கியில் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு தள்ளலில் தோழியின் கை விட்டுப்போனது. அடுத்த தள்ளலில் செருப்பு வார் அறுந்து, செருப்பே காணாமல் போனது. போனில் சிக்னல் இல்லை. இருட்டு, வியர்வை, முதுகில் முட்டுகிற யாரோ ஒருவரின் பை. மூச்சு முட்டி நிஜமாகவே பயந்துவிட்டேன்.

“இங்கிட்டு வாம்மா, இங்கிட்டு வா” என்று ஒரு கை என்னை ஓரமாக இழுத்தது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து குட்டியானை வண்டியில் வந்த குடும்பம். ஆண்கள் வெளிப்புறமாகக் கைகோத்து நின்று, பெண்களையும் குழந்தைகளையும் நடுவில் விட்டிருந்தார்கள். அந்த நடுவில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று கேட்கவே இல்லை. “பேரன் மேல கைய வச்சிக்க, விட்டுறாத” என்று வேலைதான் கொடுத்தார் அந்தப் பாட்டி. புதிதாக மொட்டையடித்துச் சந்தனம் பூசிய சின்னத் தலை. வெளிச்சம் வரும்வரை என் கை அந்தத் தலையில்தான் இருந்தது.

அழகர் எந்தப் பட்டு உடுத்தி வருகிறார் என்பதுதான் எல்லார் பேச்சும். பட்டர் பெட்டிக்குள் பார்க்காமல் கையை விட்டு எடுப்பதுதான் அன்றைக்கு உடுப்பு. பச்சை வந்தால் நாடு செழிக்கும் என்று நம்பிக்கை. முன்னால் நின்றவர்களிடமிருந்து செய்தி வாய்வழியாக வந்தது: “பச்சை, பச்சை!” பாட்டி கண்ணை மூடி இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்தார். மழையை நம்பிக் கடலை போட்டிருக்கிறார்களாம்.

விடிந்தது. அழகரை வரவேற்க வெள்ளிக் குதிரையில் வீரராகவப் பெருமாள் ஆற்றில் காத்திருந்தார். நான் பார்த்தது அழகரின் தங்கக் குதிரையின் இரண்டு காதும், குடையும், பச்சைப் பட்டின் ஒரு மின்னலும்தான். ஓரிரு நொடி. அது போதுமாக இருந்தது.

பிற்பாடு ராமராயர் மண்டபத்தில் அழகர்மேல் தண்ணீர் பீய்ச்சும் தீர்த்தவாரி. அந்தக் குடும்பத்தின் மூத்த மகன் அழகர் வேடமிட்டிருந்தார். சல்லடம், உருமால், தோளில் ஆட்டுத்தோல் பை. பேரன் பிழைத்ததற்கு நேர்த்திக்கடன். பையைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்தார். ரோமம் நீக்கிப் பதப்படுத்தி, கால் பக்கங்களை இறுக்கித் தைத்து, வாயில் சின்னப் பித்தளைக் குழாய் வைத்திருந்தார்கள். கக்கத்தில் இடுக்கி அமுக்கினால் தண்ணீர் மெல்லிய கம்பியாகப் பீறிடுகிறது. வெயிலில் வந்த அண்ணனைக் குளிரவைக்கத்தான் இந்தத் தண்ணீர். மோட்டார் பம்பில் அழுத்தம் கொடுத்துப் பீய்ச்சக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே சொல்லியிருக்கிறது; அது நல்ல காரியம். தோல் பையிலிருந்து வந்த நாலு துளி என் முகத்திலும் பட்டது. உடம்பே சிலிர்த்தது.

கரையில் அவர்கள் வண்டி நிழலில் சாப்பிட்டேன். புளியோதரை, வறுத்த மோர்மிளகாய், பருப்புத் துவையல். கிளம்பும்போது பாட்டி தன் ரப்பர் செருப்பைக் கழற்றி என் காலடியில் வைத்தார். நான் பதறி மறுத்தேன். “எனக்கு வெறுங்கால்ல நடந்தே பழக்கம். நீ டவுன் புள்ள, தார் ரோட்ல வெந்துபோவ” என்றார். இரண்டு அளவு சின்னது. அதைப் போட்டுக்கொண்டுதான் வீடு சேர்ந்தேன்.

மே 13, செவ்வாய்

பாட்டிக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கிக்கொண்டு காலையில் கரைக்குப் போனேன். வண்டிகள் நின்ற இடத்தில் அடுப்புக் கல்லும் சாம்பலும்தான் இருந்தன. போன் எண் கூட வாங்கி வைக்கவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது. செருப்பை நேற்று நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஆற்று மணலில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்த இன்னொரு பாட்டியிடம் கொடுத்தேன். அவருக்குச் சரியாக இருந்தது.

அழகர் வண்டியூரில் ராத் தங்கியவர். அங்கே முஸ்லிம் பெண்ணான துலுக்க நாச்சியாரோடு தங்குகிறார் என்பது இங்கே எல்லார் வாயிலும் இருக்கிற கதை. வண்டியூர்ப் பக்கம் வைகையில் இருக்கும் தேனூர் மண்டபத்துக்குப் போகும் வழியில் தொப்பியணிந்த இளைஞர்கள் ரோஸ்மில்க் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். “மச்சான் வீட்டு விசேஷம்க்கா, வாங்கிக்கங்க” என்றான் ஒருவன். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். இரண்டாவது குவளையும் வாங்கிக் குடித்தேன்.

தேனூர் மண்டபத்தில் கருட வாகனத்தில் வந்து, தவளையாகச் சபிக்கப்பட்ட மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் கொடுத்தார். அப்போது ஒரு நாரையைப் பறக்கவிட்டார்கள். அனல் காற்றில் அது தாழப் பறந்து ஆற்றோரம் போய் இறங்கியது.

இரவு முழுக்க ராமராயர் மண்டபத்தில் தசாவதாரம். ஒவ்வொரு அவதாரமாக அலங்காரம் மாற்றிக் காட்டுகிறார்கள். திரை விழும், காத்திருக்க வேண்டும், திரை விலகும். அந்தக் காத்திருப்புதான் எனக்குப் பிடித்தது. எனக்கு முன்னால் செல்லூர்க்காரர் ஒருவர் தன் மகளுக்கு ஒவ்வொரு அவதாரத்தையும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கூர்மத்துக்கும் வாமனத்துக்கும் நடுவில் மகள் தூங்கிப்போனாள். அவர் நிறுத்தவில்லை, நாங்கள் கேட்கிறோம் என்று எங்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். பருத்திப்பால்காரர் தூக்கோடு சுற்றி வந்தார், குவளை 20 ரூபாய். சுக்கும் கருப்பட்டியுமாகத் தொண்டையில் இறங்கியது. கிருஷ்ணாவதாரத்தில் நானும் தோழியின் அம்மா மடியில் சாய்ந்துவிட்டேன். மோகினிக்கு எழுப்பிவிட்டார்கள்.

மே 14, புதன்

பகலில் கிளம்பக் கோவைக்கு முன்பதிவு செய்திருந்த பேருந்து ரத்து என்று காலை எட்டு மணிக்குக் குறுஞ்செய்தி. காரணம் எதுவும் இல்லை, பணம் ஒரு வாரத்தில் வருமாம். ஆரப்பாளையத்தில் அரசுப் பேருந்துகள் பிதுங்கி வழிந்தன. திண்டுக்கல் வரை நின்றுகொண்டே வந்தேன். அங்கே இறங்கப்போன ஒரு பெண், இடத்துக்கு ஆள் பாயுமுன் தன் பையை வைத்து மறித்து, “இந்தக்கா மதுரைல இருந்து நிக்கிறாக” என்று எனக்கு இடம் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினாள்.

அழகர் இன்னும் மதுரையில்தான் இருக்கிறார். பூப்பல்லக்கு முடிந்து மலைக்குத் திரும்ப இன்னும் இரண்டு நாள் ஆகும். நான்தான் முந்திக்கொண்டு கிளம்பிவிட்டேன். பிள்ளைகள் போனில் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

கிளம்புமுன் நீர்மோர்ப் பந்தல் பையன்களிடம் பேசினேன். அடுத்த சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கான தயிர்ச் செலவை எங்கள் குடியிருப்பில் நாலைந்து வீடாகச் சேர்ந்து ஏற்றுக்கொள்கிறோம் என்றேன். இன்னும் அந்த வீடுகளில் கேட்கவில்லை, கேட்டுவிடலாம். கணக்கு எழுதுகிற பையன் நோட்டை விரித்து, “பேரு போட்டுக்கவாக்கா?” என்றான். போட்டுக்கொள்ளச் சொன்னேன். “காசோட நிப்பாட்டிறாதீங்க, ஆளையும் கூட்டிட்டு வாங்க. ஊத்த ஆள் பத்தல” என்றான்.